ஒன்றரை ஆள்

லிஃப்டுக்குள் காலை வைக்கும் முன்பு, உள்ளே நிற்பவர்களை எங்கள் லிஃப்ட் மெக்கானிக் ஒரு முறை எடை போட்டுவிடுவார். உடம்பைத்தான் சொல்கிறேன்; குணமெல்லாம் அவருக்கு அநாவசியம். கண் ஒவ்வொருவர் மேலும் ஒரு நொடி நிற்கும், உதடு லேசாக அசையும், பிறகு கணக்கு வெளியே வரும். "மூணே முக்கால் ஆள்தான் இருக்கு. தாராளமா ஏறலாம்." உள்ளே நிற்கும் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அந்த முக்கால் யார் என்று.

லிஃப்டின் உள்சுவரில் ஒரு தகடு உண்டு: ஆறு பேர், 408 கிலோ. வகுத்தால் ஆளுக்கு அறுபத்தெட்டு. நாமெல்லாம் அந்தத் தகட்டில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்கிறோம். அவருக்கோ மனித குலத்தையே அளக்கிற படி அதுதான். அறுபத்தெட்டு கிலோ சேர்ந்தால் ஒரு ஆள். மூன்றாவது மாடிப் பல் டாக்டர் முக்கால் ஆள். டாக்டரின் மாமியார் ஒன்றரை. ஏழாவது மாடிப் பாட்டு டீச்சர் சரியாக ஒரு ஆள், "தகட்டுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி." நான் எவ்வளவு என்று ஒரு நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "செக்ரட்டரியம்மா ஒண்ணேகால்," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

செக்ரட்டரி என்பது நான்தான். எட்டு மாடிக் குடியிருப்பு, ஒரே லிஃப்ட், முப்பத்திரண்டு வீடு. நான் வராத ஒரு கூட்டத்தில் எல்லாரும் ஒருமனதாக இந்தப் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து லிஃப்ட் நின்றால் போன் எனக்கு வரும். நான் அவருக்குப் போடுவேன். அவர் வருவார்: நீலச் சட்டை, மற்றவர்கள் பேனா செருகும் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், தோளில் பன்னிரண்டு கிலோ சாமான் பை. ஐம்பத்திரண்டு வயதில் இருபத்தாறு வருஷம் லிஃப்டோடு போயிருக்கிறது. பொத்தானை இரண்டு தடவை அழுத்துபவர்களை அவருக்குப் பிடிக்காது. "ஒரு தடவ அழுத்தினாலே அதுக்குக் கேக்கும். செவிடா அது?" என்பார், யாராக இருந்தாலும். லிஃப்டின் கூரை மேல் ஏறி நின்று, இருட்டுக் குழிக்குள் ஒவ்வொரு மாடியாக ஊர்ந்து போய்க் காதாலேயே பழுதைக் கண்டுபிடிப்பார். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்கும்: "மூணாவது மாடியில கதவு உரசுது. யாரோ மரச்சாமான் ஏத்தி இடிச்சிருக்காங்க. யாரு அது?" டாக்டர் வீட்டுக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும்.

இப்பேர்ப்பட்டவர் படியேற மாட்டார். ஒரு மாடிக்குக்கூட. சோம்பேறித்தனம் என்று நானும் நினைத்திருந்தேன். அவர் சொன்ன காரணம் வேறு. "லிஃப்ட்காரன் படியில ஏறுறதப் பாத்தா ஜனங்க என்ன நினைக்கும்? லிஃப்ட் படுத்துடுச்சுன்னுதான நினைக்கும்?" சிரித்தேன். ஆனால் ஒரு தடவை, யாரோ விட்டுப்போன குடையைக் கொடுக்க அவர் முதல் மாடி வரை படியில் போனார். கால் மணி நேரத்தில் எனக்கு நாலு போன். "என்ன, லிஃப்ட் ரிப்பேராமே?" அதில் ஒருவர் அப்போது லிஃப்டுக்குள்ளிருந்துதான் பேசினார்.

அவருக்குச் சோதனை வந்ததும் அந்த லிஃப்டில்தான். ஒரு சாயங்காலம் டாக்டர், மாமியார், பாட்டு டீச்சர், நான் என்று நாலு பேர் உள்ளே. அவர் வாசலில் நின்று உதட்டை அசைத்தார். "நாலரை. நான் ஒண்ணேகால். இன்னும் கால் ஆள் மிச்சம்," என்று சொல்லி ஏறினார். மணி அலறியது. எடை மிஞ்சினால் அடிக்கிற மணி. அவர் முகத்தைச் சுளித்துச் சாமான் பையை வெளியே வைத்தார். அலறல் நிற்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்து வெளியே வைத்தார். செல்போனை வைத்தார். செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்ததையும் நான் பார்த்தேன். கடைசியில் அவரே இறங்கினார். கால் வெளியே பட்ட அந்த நொடி மணி கப்சிப் என்று நின்றது. மாமியார் வேறு, "பாவம்பா," என்று வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தார்.

மறுநாள் காலையில் ஆளுக்கு முன் வண்டி வந்து நின்றது. கம்பெனியிலிருந்து இருபது கிலோ, ஒரு கிலோ இரும்புக் கட்டிகளைக் கொண்டுவந்து, லிஃப்டுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கி, கிலோ கிலோவாக மணியைச் சோதித்தார். முடித்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மணி பொய் சொல்லல செக்ரட்டரியம்மா. நான்தான் தப்பு. நூத்தியேழு கிலோ இருக்கேன்." பல் டாக்டருக்கு அரைக் கிலோ கூடினாலும் கண்டுபிடிப்பவர், தன்னை மட்டும் கல்யாணத்தன்று போட்ட கணக்கிலேயே வைத்திருந்தார். ஒண்ணேகால். இருபத்துநாலு வருஷமாக ஒண்ணேகால். "இப்ப ஒன்றரைக்கும் மேல ஆயிட்டேன்," என்றார், யாரோ இறந்த செய்தியைச் சொல்வது போல.

வெட்கத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே மாதம் கம்பெனியிலிருந்து தாள் வந்துவிட்டது. ஐம்பது தாண்டிய மெக்கானிக்குகளுக்கு உடல் தகுதிச் சோதனை, ஐந்து மாதத்தில். எட்டு மாடிப் படியை நடுவில் நிற்காமல் ஏற வேண்டும். உச்சியில் காத்திருக்கும் கம்பெனி டாக்டரிடம் தன் பெயரையும் பணியாளர் எண்ணையும் மூச்சு வாங்காமல் சொல்ல வேண்டும். முடியாதவர்களுக்கு வேலை போகாது, சம்பளமும் குறையாது. புகார் பிரிவில் நாற்காலி கொடுப்பார்கள். காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

"நல்ல வேலைதானே, உட்கார்ந்த இடத்துல?" என்றேன்.

"உங்கள மாதிரி முப்பது செக்ரட்டரி பேசறத நாள் முழுக்கக் கேக்கணும்," என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. தாளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "எனக்குப் பயமா இருக்கும்மா. லிஃப்டு மேல நிக்கறப்பதான் எனக்கு ஏதாவது தெரியும்னு எனக்கே தோணும். நாற்காலியில உக்காத்தி வச்சா நான் யாரு?" இத்தனை வருஷத்தில் அவர் 'செக்ரட்டரியம்மா' என்பதை விட்டு வெறும் 'அம்மா' போட்டது அன்றுதான். இந்த மனுஷனை நாற்காலியில் உட்கார விடக் கூடாது என்று அப்போதே தோன்றியது.

அப்போதுதான் ஜிம் பேச்சு வந்தது. கடைத்தெருவில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருக்கிறது. அந்த லிஃப்டும் அவர் பொறுப்புதான். சாதா மெம்பர்ஷிப், பிரீமியம் மெம்பர்ஷிப் என்று இரண்டு ரகம். சாதாவுக்குக் குறித்த நேரம்தான். படி ஏறுகிற மெஷினைத் தொடக் கூடாது. பிரீமியத்துக்கு எல்லா நேரமும் எல்லா மெஷினும், தனியாக ஒரு டிரெய்னர், நீராவிக் குளியல், கட்டைவிரல் வைத்தால் திறக்கிற அலமாரி, வெள்ளைத் துண்டு. வருஷத்துக்கு அவருடைய ஒன்றரை மாதச் சம்பளம். "அதுவும் ஒன்றரையா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்க அங்க மெம்பர்தான செக்ரட்டரியம்மா? எப்படி இருக்கு?"

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அங்கே மெம்பர்தான், அதுவும் பிரீமியம். அட்டை என் கைப்பையில் இருக்கிறது; புத்தகத்தில் பக்க அடையாளம் வைக்க அதைவிடத் தோதான அட்டை கிடையாது. "ரொம்ப நல்லா இருக்கு. உடம்புக்கே ஒரு புத்துணர்ச்சி," என்றேன். புத்தகத்தில் படித்ததைச் சொல்வது போல என் குரல் எனக்கே கேட்டது.

அடுத்த இரண்டு வாரம் அவர் போகிற கட்டடமெல்லாம் கருத்துக் கேட்டார். கேட்கிற இடம் லிஃப்ட்தான். முதல் மாடிக்காரர்கள் "சேருங்க" என்று ஒரே வார்த்தை சொல்வதற்குள் இறங்க வேண்டியதாயிற்று. ஐந்தாவது மாடிக்காரர்கள் தங்கள் மைத்துனர் ஒருவர் சேர்ந்து மூட்டு பிசகியதைச் சொன்னார்கள். எட்டாவது மாடிக்காரர்களால் மட்டுமே காரணகாரியத்தோடு பேச முடிந்தது. எண்ணிப் பார்த்ததில், கீழ் மாடிகள் சேரச் சொன்னன, மேல் மாடிகள் வேண்டாம் என்றன. இதில் என்ன சூட்சுமம் என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் மனைவிக்கு ஒரு சூட்சுமமும் தேவைப்படவில்லை. துணி ஆல்டரேஷன் கடையில் வேலை பார்க்கிறவர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. "பேண்டைப் பிரிச்சு விட்டு விட்டு, தையல்ல இனி துணியே இல்ல. இனிமே உடம்பைத்தான் பிடிச்சுத் தைக்கணும்," என்றார் என்னிடம், கணவர் பக்கத்தில் நிற்கும்போதே. ஜிம்மைப் பற்றி: "ஒன்றரை மாசச் சம்பளம் குடுத்து வேர்க்கணுமாக்கும்? எங்க கடைக்கு வந்து ஒரு மணி நேரம் இஸ்திரி போடட்டும். சும்மாவே வேர்க்கும்." கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாளே, "ஆனா அவருக்கு அந்த நாற்காலி ஆகாதுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்தாலே சுவத்த முறைச்சுப் பாத்துட்டிருக்காரு. சேரணும்னா சேரட்டும்," என்றார்.

ஜிம்காரர்கள் ஏழு நாள் இலவசமாகப் பார்க்கச் சொன்னார்கள். ஏழாம் நாள் முடிவில் சேர்க்கைப் பாரத்தில் கையெழுத்து, இல்லாவிட்டால் வணக்கம். நடந்ததெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்; கவுண்டரில் இருக்கும் பெண் பிற்பாடு சொன்னதும் கொஞ்சம் உண்டு.

முதல் நாள் ஒரு மெஷின் மேல் வெறுங்காலோடு நிற்க வைத்து, ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் உடல் வயது அறுபத்தொன்று என்று இருந்தது. "என் சர்வீஸ் ரெக்கார்டுல ஐம்பத்திரண்டு. எதுல தப்புன்னு சொல்லுங்க, திருத்திடலாம்," என்று வாதாடியிருக்கிறார். இரண்டாம் நாள் ஓடுகிற மெஷினில் ஒரு 'கிறீச்' சத்தம் கேட்டிருக்கிறது. அவரால் அதைக் கேட்டுக்கொண்டு ஓட முடியுமா? இறங்கி, மண்டியிட்டு, மூடியைக் கழற்றி, எண்ணெய் போட்டார். மூன்றாம் நாள் பக்கத்து மெஷின். நான்காம் நாள் மிதிவண்டி மெஷின் இரண்டு. கவுண்டர் பெண் கேட்டேவிட்டாள்: "சார், நீங்க எக்சர்சைஸ் பண்ண வந்தீங்களா, சர்வீஸ் பண்ண வந்தீங்களா?" நீராவிக் குளியலைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்ல மாட்டார். "அது சொர்க்கம் செக்ரட்டரியம்மா. அதுல மெஷினே இல்ல."

படி ஏறும் மெஷின்தான் அவர் குறி. யார் கண்ணிலும் படாமல் படியேறிப் பழகத்தானே அங்கே போனார்? இரண்டு கால் வைக்கிற அளவுக்குப் படி. மிதிக்க மிதிக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எத்தனை மாடி என்று முன்னால் எண் காட்டும். ஆறு நாளில் அவர் எண் மூன்றைத் தாண்டவில்லை. மூன்று வந்ததும் மூச்சு முட்டும், கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போகும். "மூணாவது மாடிக்குப் போயும் டாக்டர் வீடு வரல. அப்புறம் எதுக்கு ஏறுறது?" என்று என்னிடம் கேட்டார்.

ஏழாம் நாள் சாயங்காலம், பாரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஸ்க்ரூடிரைவர் அதில் ஏற்கெனவே ஒரு ஓட்டை போட்டிருந்தது. போனால், கட்டடத்தின் கீழே கூட்டம். லிஃப்ட் நின்றுவிட்டது. பிரீமியம் மெம்பர்கள் பதினைந்து பேர், தோளில் வெள்ளைத் துண்டும் கையில் தண்ணீர்ப் புட்டியுமாக, படிக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "ஆறு மாடியா? யாரு ஏறுறது?" என்று ஒருவர் சொல்ல, பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மேலே போனால் அவர்கள் செய்யப்போவது படியேறுவதுதான்!

லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறை மொட்டை மாடியில். அவர் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்ற மஞ்சள் பலகையைக் கதவில் மாட்டிவிட்டு, சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தார். இரண்டாவது மாடியில் முட்டி வலித்தது. மூன்றாவதில் மூச்சு முட்டியது, கை சிவப்புப் பொத்தானைத் தேடியது. சுவர்தான் இருந்தது. "நிறுத்துனா மூணாவது மாடியில நிக்கணும். அங்க ஒரு வக்கீல் ஆபீஸ். எனக்கு அங்க என்ன வேலை?" ஏறினார். ஐந்தாவதில் உட்கார்ந்தார், எழுந்தார், போய்ச் சேர்ந்தார். அரை மணி நேரத்தில் லிஃப்ட் ஓடியது. திரும்பி ஜிம்முக்குள் போனபோது கவுண்டர் பெண் பேனாவை நீட்டினாள். அவர் பாரத்தைப் பிரித்து, அந்த ஓட்டை வழியாக அவளைப் பார்த்து, "இது வேணாம்மா. எனக்குப் பலகை போதும்," என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்கும் புரிய ஒரு மாதம் ஆயிற்று. எங்கள் லிஃப்டில் தினமும் விடிகாலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை மஞ்சள் பலகை தொங்கத் தொடங்கியது. காலையில் நடக்கப் போகும் பல் டாக்டர் தினமும் எனக்குப் போன் செய்து மூன்று மாடி இறங்கியதைப் புலம்பினார். நடக்கப் போகிற மனுஷனுக்கு மூன்று மாடி இறங்கக் கசக்கிறது! கம்பெனியில் கேட்டால், அப்படி ஒரு வேலையே அவர்கள் பதிவில் இல்லை. ஒரு நாள் ஐந்தரைக்கு எழுந்து படிக்கட்டுக் கதவைத் திறந்து பார்த்தேன். ஆறாவது மாடித் திருப்பத்தில் லிஃப்ட்காரர், சாமான் பையோடு, முகம் தக்காளியாகச் சிவந்து, கைப்பிடியைத் தொடாமல் ஏறிக்கொண்டிருந்தார். லிஃப்ட் கீழே சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது, நல்ல ஆரோக்கியத்தோடு.

"ஏங்க, இது அநியாயம் இல்லையா?" என்று பிடித்துக்கொண்டேன். "ஓடுற லிஃப்டுல பொய்ப் பலகையை மாட்டிட்டு!"

மூச்சு வாங்கி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. "பலகை இல்லாம ஏறினா லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னு ஜனங்க பயப்படும். பலகைய மாட்டிட்டா... நான் ஏறுறதுல ஒரு நியாயம் இருக்கு பாருங்க."

"பொய்தானே அது? நான் கமிட்டியில சொல்லத்தான் போறேன்."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜிம்முல அந்தப் பொண்ணு உங்கள விசாரிச்சுது," என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "பதினோரு நாள் வந்தாங்களாம். அப்புறம் ஆளையே காணோமாம்."

கமிட்டிப் பேச்சை நான் அத்தோடு விட்டேன். மறுநாளிலிருந்து டாக்டர் போன் செய்தால், "பராமரிப்பு வேலை டாக்டர், பாதுகாப்பு விஷயம், விட்டுக்கொடுக்க முடியாது," என்று நானே கறாராகச் சொல்ல ஆரம்பித்தேன்.

சோதனை அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நூறு தடவை போனைப் பார்த்திருப்பேன். சாயங்காலம் நான் குடியிருப்புக்குப் பொதுவாகப் பத்து கிலோ சோப்புத்தூள் பை ஒன்றை வாங்கி வந்து லிஃப்ட் வாசலில் நின்றேன். உள்ளே டாக்டர், மாமியார், பாட்டு டீச்சர். கணக்குப்படி இடம் இருந்தும், மணிக்குப் பயந்து பையை வெளியிலேயே வைத்துவிட்டு ஏறினேன். கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு கை குறுக்கே வந்தது. நீலச் சட்டை.

"என்ன ஆச்சுங்க?" என்றேன்.

"எட்டு மாடி. நிக்கல. பேரு சொன்னேன், நம்பர் சொன்னேன். அந்த டாக்டர் எழுதிக்கிட்டே இருக்காரு. அந்தக் கட்டடத்து லிஃப்டுல நாலாவது மாடிக் கதவு உரசுது, ஏறி வரும்போது காதுல விழுந்துச்சுன்னு அதையும் சொன்னேன்." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "மூச்சு வாங்காம சொன்னேன். பாஸ் போட்டுட்டாரு."

பாட்டு டீச்சர் கை தட்டினாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது, தலையைக் குனிந்துகொண்டேன். "ஏறுங்க, ஏறுங்க," என்றோம். அவர் ஏறவில்லை. கண் எங்கள் நாலு பேர் மேலும் ஒரு நொடி நின்றது, உதடு அசைந்தது. "நாலரை," என்றார். பிறகு தகட்டில் தெரிந்த தன் உருவத்தை முதல் தடவையாக எடை போட்டார். சாமான் பையை வெளியே இறக்கி வைத்தார். ஏறினார்.

நாங்கள் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை. "அடிக்கல!" என்றாள் டீச்சர். கதவு மூடத் தொடங்கியது.

அவர் முகம் மலரவில்லை. கதவை ஒரு கையால் நிறுத்தினார். "மணி வேலை செய்யுதான்னு பாக்கணும்," என்று சொல்லி வெளியே எட்டி, என் சோப்புத்தூள் பையைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

மணி அலறியது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "சார், இறக்குங்க சார்!" என்று டாக்டர் கத்தினார். லிஃப்ட்காரர் இறக்கவில்லை. கண்ணை மூடி, கன்னத்தை அந்தப் பையின் மேல் சாய்த்து, மணி அடிக்க அடிக்கக் கேட்டுக்கொண்டு நின்றார்.